எறிகயிறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில், “இந்தியக் கடற்படையும் எங்கள் கடற்படையும் சேர்ந்து பயிற்சி எடுப்பது திருகோணமலைக்கு நல்லது” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது வந்து விழுந்த வரி அது. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிலர் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், சிலர் கோபித்திருக்கிறார்கள், ஒரு அம்மா பழைய துயரத்தைத் திறந்து எழுதியிருக்கிறார். ஆகவே இந்த மாதம் முழுப் பக்கமும் அதற்கே.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: நான் இராணுவ நிபுணன் இல்லை. 1984 முதல் 2015 வரை 31 வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் டக் என்று நாங்கள் சொல்லும் இழுவைப் படகில் வேலை செய்தவன். கண்ட கப்பலையும் பிடித்த கயிற்றையும் வைத்துத்தான் பேசுவேன்.

கேள்வி: கூட்டுப் பயிற்சியால் இரண்டு நாட்டு இராணுவ உறவு வலுப்பெறுகிறது என்று செய்திகளில் வாசிக்கிறோம். படத்தில் எல்லோரும் வெள்ளை உடுப்போடு கைகுலுக்குகிறார்கள். உண்மையில் அங்கே என்னதான் செய்கிறார்கள் ஐயா?
(உயர்தர மாணவி, உவர்மலை)

பதில்: மகள், கைகுலுக்கும் படம் முதல் நாள் எடுப்பது. அதற்குப் பிறகு நடப்பதைப் படம் பிடிக்க ஆள் போவது குறைவு.

இந்தியக் கடற்படையோடு நடப்பதற்கு ஸ்லினெக்ஸ் என்று பெயர். 2005இல் தொடங்கியது. அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை என்று பெரும்பாலும் மாறி மாறி நடக்கும். 2011, 2015, 2018, 2020 ஆகிய வருடங்களில் எங்கள் திருகோணமலையில் நடந்தது. 2017, 2019, 2022, 2024இல் விசாகப்பட்டினத்தில். 2023இலும் 2025இலும் கொழும்பில். தரைப்படைகளுக்கு மித்ர சக்தி என்று வேறாக ஒன்று இருக்கிறது. 2024இல் அது மாதுறுஓயாவில் நடந்தது.

கடற்பயிற்சிக்கு இரண்டு பகுதி. முதலில் துறைமுகத்தில் இருந்து பேசுவார்கள். எந்த அலைவரிசையில் யார் யாரைக் கூப்பிடுவது, எந்தக் கொடிக்கு என்ன பொருள், முன்னுக்கு எந்தக் கப்பல், ஹெலிகொப்டர் இறங்கும்போது காற்றுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பார்கள். அவர்கள் கப்பலுக்கு இவர்கள் போவார்கள், இவர்கள் கப்பலுக்கு அவர்கள் வருவார்கள். பின்னேரம் கரப்பந்தாட்டமும் உண்டு. பிறகு கடலுக்குப் போவார்கள். அணிவகுத்து ஓடுவது, பீரங்கி சுடுவது, ஒரு நாட்டு ஹெலிகொப்டர் மற்ற நாட்டுக் கப்பலின் தட்டில் இறங்கி ஏறுவது, சந்தேகக் கப்பலில் ஏறிச் சோதிப்பது, கடலில் விழுந்தவனைத் தேடி எடுப்பது எல்லாம் அங்கேதான்.

இதில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது ஒரு சின்ன வேலை. இரண்டு கப்பலும் பக்கத்துப் பக்கத்தில், நாற்பது ஐம்பது மீற்றர் இடைவெளியில், ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குக் கயிறு கொடுப்பது. கேட்க லேசாக இருக்கும். பெரிய கப்பல்கள் இரண்டு அருகருகே ஓடினால் நடுவில் அகப்பட்ட தண்ணீர் சும்மா இருக்காது. அணியம், அதாவது கப்பலின் முன்பக்கம், இரண்டையும் தள்ளி விலக்கும், நடு உடம்பு இரண்டையும் கிட்ட இழுக்கும். சுக்கான் பிடிப்பவன் ஒரு பாகை பிசகினாலும் இடைவெளி குறைந்துகொண்டு வரும். அந்த நிலையில் ஒரு மெல்லிய கயிற்றை எறிய வேண்டும். அதன் நுனியில் கனமான முடிச்சு இருக்கும். அதைப் பிடித்தவன் இழுக்க, மெல்லிய கயிற்றோடு தடித்த கயிறு வரும், தடித்த கயிற்றோடு எண்ணெய்க் குழாயோ காயப்பட்டவனைக் கொண்டுவரும் கூடையோ வரும். முதலில் போவது எறிகயிறு. இந்தப் பக்கத்துக்கு நான் அந்தப் பெயரை வைத்ததும் அதனால்தான்.

1990களின் கடைசியில் ஒரு வாடைக்காலம். வெளிநாட்டு வணிகக் கப்பல் ஒன்றைக் கரை சேர்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் படகில் அணியத்தில் நின்றவர் இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினார். எங்களுக்கு அது ‘கயிற்றைக் கட்டு’. மேலே நின்றவர் அதை ‘நிறுத்து’ என்று விளங்கிக்கொண்டு கட்டாமல் விட்டார். நாங்கள் இழுக்கத் தொடங்கினோம். கயிறு ஓடி, பிறகு எதிலோ இறுகி, அறுந்தது. நைலோன் கயிறு அறுந்தால் சவுக்கடி போலத் திரும்பி வரும். என் கூட்டாளிக்குத் தோள் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் வீட்டில் இருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கவே இல்லை. மேலே நின்றவர் நல்ல மனிதர். ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். இருவரிலும் பிழை இல்லை. அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒருவரையொருவர் கண்டார்கள், அவ்வளவுதான்.

ஆபத்து வரும் நாளிலேயே முதல் சந்திப்பும் நடந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் பயிற்சி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2011 செப்டெம்பரில் வந்த இந்தியக் கப்பல்களில் ஒன்றுக்குக் கிட்ட எங்கள் படகு நின்றது. மேலே இருந்த பொடியன் ஆங்கிலத்தில் கத்துகிறான், எங்கள் பொடியன் பாதி விளங்கியும் விளங்காமலும் கையைக் காட்டுகிறான். இரண்டு தரம் எறிந்த கயிறு தண்ணீரில் விழுந்தது. மூன்றாந்தரம் எறியும்போது மேலே இருந்தவன் தன்னை மறந்து, “அண்ணே, விட்டுறாதீங்க, புடிங்க!” என்றான். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளையாம். எங்கள் படகில் இருந்த நாலு பேரும் ஒரேயடியாக நிமிர்ந்து பார்த்தோம். அதற்குப் பிறகு கயிறு தவறவில்லை.

கேள்வி: பயிற்சி பயிற்சி என்கிறீர்கள். அதனால் எப்போதாவது உண்மையில் பலன் வந்ததா?
(வங்கி உத்தியோகத்தர், அனுராதபுரச் சந்தி)

பதில்: வந்தது. நீங்கள் 2020 செப்டெம்பர் 3ஐ நினைத்துப் பாருங்கள். குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்கு மசகு எண்ணெய் கொண்டுபோன நியூ டயமண்ட் என்ற தாங்கிக் கப்பலின் இயந்திர அறையில் வெடிப்பு. அம்பாறைக் கரைக்கு, சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே சுமார் 38 கடல் மைல். உள்ளே சுமார் 2,70,000 தொன் எண்ணெய். கப்பலின் நீளம் 330 மீற்றருக்கு மேல். அந்த எண்ணெய் கடலில் இறங்கியிருந்தால் பொத்துவில் தொடங்கி மட்டக்களப்பு, வாகரை, வெருகல், எங்கள் புறாத்தீவின் பவளப்பாறை என்று கிழக்குக் கரை முழுவதும் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

எங்கள் கடற்படைக் கப்பல்கள், விமானப்படை, இழுவைப் படகுகள் போயின. இந்தியக் கரையோரக் காவற்படையின் கப்பல்களும் விமானமும், இந்தியக் கடற்படைக் கப்பல் ஒன்றும் வந்து சேர்ந்தன. 23 மாலுமிகளில் 22 பேரை மீட்டார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஒருவர் இறந்துவிட்டார். நெருப்பு அடங்கி, மறுபடியும் மூண்டு, மறுபடியும் அடங்கியது. பின்பக்கத்தில் கக்கிய நெருப்பு சரக்குத் தொட்டிகளுக்குப் போகாமல் தடுத்தார்கள். மசகு எண்ணெய் கடலில் இறங்கவில்லை.

நான் அப்போது ஓய்வில் இருந்தேன். நாள் முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால். பார்ப்பவர்களுக்குப் புகையும் தண்ணீர்ப் பீச்சலும்தான் தெரியும். இழுவைப் படகுக்காரன் கண்ணுக்கு வேறொன்று தெரியும். எரிகிற கப்பலைச் சுற்றி இத்தனை கப்பல் நிற்கும்போது, யார் காற்றுப் பக்கம், யார் மறுபக்கம், யார் பீச்சும்போது யார் விலக வேண்டும், குளிர்விக்க வேண்டிய இரும்பு எது, இழுவைக் கயிறு எங்கே போகிறது என்பதை ஒரே குரலில் நடத்தவேண்டும். இரண்டு நாட்டுக் கொடியோடு நின்ற கப்பல்கள் ஒன்றில் ஒன்று மோதாமல், ஒன்றின் கயிற்றை ஒன்று அறுக்காமல் அத்தனை நாள் நின்றது தானாக வந்த காரியமா? 2005இலிருந்து ஒருவர் குரலை ஒருவர் கேட்டுப் பழகியதன் பலன் என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் அதிகாரிகளில் பலர் கொச்சியில் இந்திய அதிகாரிகளோடு ஒரே வகுப்பில் இருந்தவர்கள். எங்கள் ‘சயுர’ கப்பலே முன்பு இந்தியக் கடற்படையில் ‘சரயு’வாக ஓடியது, 2000இல் இங்கே வந்தது. அந்தக் கப்பலின் குழாய் எங்கே, வால்வு எங்கே என்று சொல்லக்கூடியவர்கள் அக்கரையிலும் இருக்கிறார்கள்.

அடுத்த மாதமே, ஒக்டோபர் 19 முதல் 21 வரை, திருகோணமலைக்கு வெளியே ஸ்லினெக்ஸ் நடந்தது. கொரோனாக் காலம் என்பதால் ஒருவரும் கரை இறங்கவில்லை, ஒருவர் கப்பலில் ஒருவர் ஏறவில்லை. கமோர்ட்டா, கில்தான் இரண்டும் அங்கிருந்து, சயுர, கஜபாகு இரண்டும் இங்கிருந்து. மூன்று நாளும் கடலிலேயே. கைகுலுக்கும் படம் கிடையாது. வேலை மட்டும் நடந்தது.

2025 நவம்பர் தித்வா புயலையும் சொல்லவேண்டும். எங்கள் கடற்படையின் 75ஆம் ஆண்டு அணிவகுப்புக்காகக் கொழும்புக்கு வந்திருந்த விக்ராந்த், உதயகிரி என்ற இரண்டு இந்தியக் கப்பல்களும் கொண்டாட்டத்துக்கு வந்த கையோடு நிவாரண வேலையில் இறங்கின. மாவிலாறு உடைத்துக்கொண்டு வந்த அந்த நாட்களில் கூரையில் நின்றவர்களுக்கு, மேலே வருகிற ஹெலிகொப்டர் எந்த நாட்டுடையது என்பது பெரிய விடயமாக இருந்திருக்காது.

கேள்வி: அப்படியானால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் இருப்பது இராணுவக் கூட்டணியா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சீனக்குடா)

பதில்: இல்லை சேர். கூட்டணி என்றால் ஒருவரை அடித்தால் மற்றவரும் சண்டைக்கு இறங்குவேன் என்று எழுதிக் கையொப்பம் வைப்பது. எங்களுக்கு அப்படி ஒன்று இந்தியாவோடு இல்லை. 2025 ஏப்ரல் 5இல் கொழும்பில் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றில் கையொப்பம் வைத்தார்கள். அதையும் போர்க்கூட்டணி என்று வாசிக்கக் கூடாது.

உங்கள் வீடு சீனக்குடாவில். எண்ணெய்த் தாங்கிகளைத் தினமும் காண்கிறீர்கள். கூட்டணிக்குள் இருப்பது என்றால் என்ன என்று அந்தத் தாங்கிகளிடம் கேட்கலாம். பிரிட்டிஷ்காரர் கட்டிய தாங்கிகள், ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்து துறைமுகத்தையும் சீனக்குடாவையும் குண்டுபோட்டன. யப்பான்காரனுக்கும் எங்கள் பாட்டன்மாருக்கும் என்ன பகை? பிரிட்டனின் எதிரி எங்கள் எதிரியானான், அவ்வளவுதான். குண்டு வருகிறது என்று அறிந்து முன்கூட்டியே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அதே நாள் மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கியது. தன் விமானங்கள் இல்லாமல் ஓடிய கப்பல். உதவிக்குக் கூப்பிட்ட விமானங்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் கடலுக்கடியில். 307 பேர் போனார்கள். ஒரே கொடிக்குக் கீழே இருந்தவர்களுக்குள்ளேயே கூப்பிட்ட குரல் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். உப்புவெளியில், நிலாவெளி வீதியோரம் இருக்கும் யுத்த மயானத்துக்கு நான் வருடத்தில் ஒரு தரமாவது போவேன். பத்தொன்பது, இருபது வயது என்று கல்லில் எழுதியிருக்கும்.

சுதந்திரத்துக்கு முன்பே, 1947இல், பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தோம். அதன்படி அவர்கள் தளம் இங்கேயே இருந்தது. 1957 ஒக்டோபர் 15இல் டொக்கியாட்டை, அந்தக் கடற்படைக் கப்பல் பட்டறையை, கையளித்துவிட்டுப் போனார்கள். அப்பா அங்கே பிற்றர் வேலை செய்தவர். கொடி இறங்கியபோது நான் அம்மாவின் வயிற்றில். 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையில் முன்னின்று தீர்மானம் கொண்டுவந்தது எங்கள் நாடு. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறிய கடிதங்களில், திருகோணமலையோ வேறு துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுக்கப்படாது என்று எழுதப்பட்டது. எங்கள் துறைமுகத்தின் பெயர் சொல்லி எழுதிய கடிதம் அது. இவ்வளவும் தெரிந்த பிறகு எனக்கு வேண்டியது கூட்டணி இல்லை. அயலவன் வீட்டில் தீப்பிடித்தால் வாளியோடு ஓடக்கூடிய பழக்கம் இரண்டு பக்கமும் இருக்கவேண்டும். அந்தப் பழக்கம் அடிக்கடி சேர்ந்து வேலை செய்தால்தான் வரும்.

கேள்வி: நீங்கள் கப்பலில் இருந்து பார்க்கிறீர்கள். நாங்கள் பைபர் படகில் இருந்து பார்க்கிறோம். பயிற்சி என்றால் எங்களுக்கு இரண்டு மூன்று நாள் தொழில் இல்லை. அறிவித்தல் வருவதும் பிந்தி. இதில் ஊருக்கு என்ன நன்மை?
(கடற்றொழிலாளர், மூதூர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சென்ற மாதம் நான் எழுதியதில் உங்களை நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

என் மைத்துனருக்கும் இது நடந்தது. எந்த வருடம், எந்தக் கப்பல் என்று எழுதப்போவதில்லை. மாலை நாலு மணிக்கு வலையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சுடும் பரப்பு பற்றிய அறிவித்தல் சங்கத்துக்கு ஆறு மணிக்கு வந்தது. அதுவும் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். இரவு நடுக்கடலில் வெளிச்சம் அடித்துப் போகச் சொன்னார்கள். வலையை ஏற்ற நேரமில்லை. பன்னிரண்டு துண்டு வலையை விட்டுவிட்டு வந்தார். அடுத்த நாள் தேடிப் போனபோது நாலு துண்டுதான் அகப்பட்டது. அந்தக் கடனைக் கட்டி முடிக்க ஒன்றரை வருடம் எடுத்தது.

நட்பை வலுப்படுத்தும் பயிற்சி, சொந்த ஊர்க் கடலில் தொழில் செய்பவனின் வலையை அறுத்துக்கொண்டு நடக்கக் கூடாது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சுடும் பரப்பு, நாள், நேரம் மூன்றும் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே தமிழில் வரவேண்டும். காகிதத்தில் மட்டும் போதாது. மூதூர் இறங்குதுறை, கிண்ணியா, நிலாவெளி வாடிகள், சாம்பல்தீவு, கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி என்று எல்லா இடத்திலும் சொல்லவேண்டும். முதல் நாளும் அன்றைக்கும் படகில் இருக்கும் வி.எச்.எப். வானொலிச் செட்டில் 16ஆம் அலைவரிசையில் தமிழில் கூப்பிடவேண்டும். தொழில் இழக்கும் நாளுக்கு ஒரு கணக்கு இருக்கவேண்டும்.

அதோடு நிறுத்தமாட்டேன். தேடி மீட்கும் பயிற்சி என்று ஒன்று ஒவ்வொரு தடவையும் நடக்கிறது அல்லவா? அதில் உங்களைச் சேர்க்கவேண்டும். இந்தக் கரையில் படகு கவிழ்ந்தால், கப்பல் வருமுன் முதலில் போய்ச் சேருபவன் யார்? நீங்கள்தான். சுனாமி அன்று கொட்டியாரக் குடாவில் மிதந்தவர்களை முதலில் தூக்கியது பைபர் படகுகளும் தோணிகளும். கடற்படை வந்தது, ஓரிரு நாளில் இந்தியக் கப்பல்களும் மருந்தோடும் தண்ணீரோடும் வந்தன. அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் முதல் ஒரு மணித்தியாலம் உங்களுடையது. ஸ்லினெக்ஸ் அடுத்த தடவை திருகோணமலைக்கு வரும்போது, மூதூரிலிருந்து பத்துப் படகு, கிண்ணியாவிலிருந்து பத்துப் படகு, அந்தக் கப்பல்களோடு ஒரு நாள் பயிற்சிக்குப் போகட்டும். ஹெலிகொப்டர் மேலே நிற்கும்போது படகை எந்தப் பக்கம் வைத்திருப்பது, மயங்கியவனைக் கூடையில் எப்படிக் கட்டுவது, செட்டில் இடத்தை எப்படிச் சொல்வது என்று பழகட்டும். கப்பலில் எப்படியும் ஒரு தூத்துக்குடிப் பிள்ளையோ நாகப்பட்டினத்துப் பிள்ளையோ இருப்பான். அவனும் நீங்களும் பேசிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. இந்த வசதி உலகத்தில் எத்தனை நாட்டுக் கடற்படைகளுக்கு வாய்க்கும்?

இதை நான் உங்கள் சங்கத்தோடு சேர்ந்து எழுதிக் கொடுக்கத் தயார். கடிதத்தை நானே எழுதுகிறேன். நீங்கள் கையொப்பம் சேருங்கள்.

கேள்வி: 1988இல் என் அண்ணனைச் சீருடை போட்டவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். வரவில்லை. அம்மா கடைசி மட்டும் படலையைப் பூட்டவிடவில்லை. வெளிநாட்டு இராணுவம் வருவது நல்லது என்று எங்கள் ஊர்க்காரரான நீங்களே எழுதினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?
(ஒரு தங்கை, வயது 61)

பதில்: அக்கா என்று கூப்பிடவா, தங்கச்சி என்று கூப்பிடவா என்று தெரியவில்லை, எனக்கு உங்களைவிட ஏழெட்டு வயது கூட. தங்கச்சி என்றே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்துக்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தக் காலம் எனக்கும் தெரியும். 1987 உடன்படிக்கையோடு வந்த இந்தியப் படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24இல் இந்தத் துறைமுகத்திலிருந்துதான் கப்பல் ஏறியது. நான் அன்று வேலையில் நின்றேன். அவர்கள் பக்கத்திலும் சுமார் 1,200 பேர் இறந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டுப் படலை திறந்தபடி கிடந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும். கப்பல் வெளிமுனை தாண்டும்வரை எங்கள் படகில் யாரும் பேசவில்லை.

எழுதியதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எதை நல்லது என்றேன் என்பதைத் தெளிவாகச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. துவக்கோடு தெருவில் நிற்கும் படை வேறு. கடலில் நாலு நாள் பயிற்சிக்கு வரும் கப்பல் வேறு. முதலாவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட அதிகாரம் கேட்டு வருவது. எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது வரும்போதே போகும் நாள் எழுதப்பட்டிருக்கும். அந்த நாள் எழுதப்படாத எந்த வருகையையும் நான் ஆதரிக்கமாட்டேன், எந்த நாட்டிலிருந்து வந்தாலும்.

இன்னொன்றும் உங்கள் கடிதம் என்னை நினைக்கவைத்தது. கப்பலில் ஏறிச் சோதிக்கும் பயிற்சி பற்றி மேலே எழுதினேன். கயிற்றேணி பிடித்து ஏறுவதையும் துவக்கை எப்படிப் பிடிப்பதையும் பழக்குகிறார்கள். உள்ளே இருப்பவன் மீன்பிடிகாரனாக இருந்தால் அவனோடு எப்படிப் பேசுவது, யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் அவன் வீட்டுக்கு எப்படி அறிவிப்பது, பெயரை எங்கே பதிவது என்பதையும் அதே கவனத்தோடு பழக்கவேண்டும். உங்கள் அண்ணனின் பெயர் ஒரு புத்தகத்தில் அன்றைக்கே எழுதப்பட்டிருந்தால் உங்கள் அம்மா அத்தனை வருடம் காத்திருந்திருக்க மாட்டார். இதைவிட ஆறுதலாகச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள். முகவரி ஆசிரியரிடம் இருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவும் இங்கே வந்து பயிற்சி நடத்துகிறதே. சீனா கோபிக்காதா?
(கிண்ணியா வாசகர்)

பதில்: அமெரிக்காவோடு நடக்கும் காரட் பயிற்சி முதன்முதல் 2017இல் திருகோணமலையில்தான் நடந்தது. 2021இல் ஜப்பானியரும் சேர்ந்தார்கள். 2018இல் மேர்சி என்ற வைத்தியக் கப்பல் வந்தபோது எங்கள் தெருவில் இருந்தே ஆட்கள் வைத்தியத்துக்குப் போனார்கள். சீனா தந்த கப்பலும் எங்கள் கடற்படையில் ஓடுகிறது. 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்புக்கு வந்ததும், 2022இல் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் ஹம்பாந்தோட்டைக்கு வந்ததும் இந்தியாவைக் கலக்கியது; 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களை ஒரு வருடத்துக்கு வரவேண்டாம் என்று அரசாங்கம் நிறுத்தியது. சின்ன நாட்டுக்கு இது எப்போதும் இருக்கும் நெருக்கடி. உயிர் காக்கும் பயிற்சியை எல்லோரோடும் செய்யலாம், தளம் ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது என்பது என் முடிவு. ஆனால் நள்ளிரவில் கூப்பிட்டால் விடியுமுன் வந்து சேரக்கூடிய தூரத்தில் இருப்பது ஒரு நாடுதான். அந்த நாட்டோடு கூடுதலாகப் பழகுவது பூகோளம் விதித்தது.

கேள்வி: நண்பர்கள் என்று பயிற்சி செய்துகொண்டே அவர்களுடைய றோலர்கள் எங்கள் கடலை அடியோடு வாரிக்கொண்டு போகின்றன. இதற்குப் பயிற்சியில் மருந்து உண்டா?
(முல்லைத்தீவு வாசகர்)

பதில்: இல்லை. 1974இலும் 1976இலும் கடல் எல்லை கிழித்தார்கள். கடலடியை வாரும் அடிமடி இழுவையை 2017இல் எங்கள் சட்டம் முற்றாகத் தடைசெய்தது. இது பீரங்கியாலும் தீராது, பயிற்சியாலும் தீராது. அக்கரையில் அந்த றோலரில் கூலிக்கு ஏறுபவனுக்கு வேறு தொழில் கிடைக்கும்போதுதான் தீரும். உங்கள் வலை இழப்பு உண்மை, உங்கள் கோபம் நியாயம். ஒன்று மட்டும்: எல்லையில் இரண்டு பக்கத்துக் கப்பலும் ஒருவர் குரலை ஒருவர் அறிந்திருந்தால் துவக்குச் சூடு இல்லாமல் திருப்பி அனுப்பும் வாய்ப்புக் கூடும். அங்கேயும் தமிழன், இங்கேயும் தமிழன் நடுவில் சாகிறான்.

கேள்வி: போன முறை கப்பல் வந்தபோது அப்பா என்னை உட்துறைமுக வீதிக்குக் கூட்டிப் போனார். கப்பலில் நிறையக் கொடி கட்டியிருந்தது. அதில் எது முக்கியமான கொடி?
(ஆறாம் ஆண்டு மாணவன், மட்கோ)

பதில்: நல்ல கேள்வி அப்பன். நீ கண்டது அலங்காரத்துக்குக் கட்டியது. எல்லாக் கொடியையும் வரிசையாகக் கட்டுவார்கள். கடலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. முழுச் சிவப்பாக, நுனி வெட்டுப்பட்டு இருப்பது ‘பி’ கொடி: வெடிக்கக்கூடிய, எரியக்கூடிய பொருள் ஏற்றுகிறோம், கிட்ட வராதே. சிவப்பில் மஞ்சள் சிலுவை போட்டது ‘ஆர்’ கொடி. கடற்படைக் கப்பல்கள் ஓடிக்கொண்டே கயிறு கொடுக்கும்போது ஏற்றுவார்கள்.

நீ மனப்பாடம் செய்யவேண்டியது ‘ஓ’ கொடி. ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குக் கோடு இழுத்து, மேலே சிவப்பு, கீழே மஞ்சள். ஆள் கடலில் விழுந்துவிட்டான் என்று பொருள். எந்த நாட்டுக் கப்பலானாலும் அதே பொருள்தான். நீ அப்பாவோடு படகில் போகும்போது அதைக் கண்டால், முதலில் அப்பாவிடம் சொல்லி இஞ்சினை மெதுவாக்கச் சொல். பிறகு கொடியைப் பார்க்காதே, தண்ணீரைப் பார். தலை ஒன்று தெரிந்தால் கையை அதற்கு நேரே நீட்டிக்கொண்டே இரு. யார் கூப்பிட்டாலும் கையை இறக்காதே.